மாப்பிள்ளை கழுவிய கல்

என் தங்கச்சி புருஷனுக்கு ஊருக்குள் பினாயில் என்று பெயர். வைத்தது நானில்லை. ஆனால் யார் வைத்தாரோ, ஆளைச் சரியாக எடை போட்டு வைத்திருக்கிறார். மாப்பிள்ளை இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்தவர். டீ குடிக்கும் தம்ளரை மூன்று தரம் அலம்புவார். கைக்குட்டையால் துடைக்காமல் எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டார்; எழுந்த பிறகும் ஒரு தரம் துடைப்பார். மற்றபடி தங்கமான மனுஷர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் அந்தத் தங்கம் சட்டென்று கண்ணில் படாது.

அன்றைக்குக் காலையில் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணா, உடனே கிளம்பி வா. பையை எடுத்துக்கிட்டு வா."

"என்னம்மா, குழாய் உடைஞ்சிடுச்சா?"

"குழாய் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ வந்து பாரு. சொன்னா அழுதுடுவேன்."

நான் பிளம்பர். அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் கையை விட்டே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன். உடைந்த குழாய் என்றால் எனக்குப் பயமில்லை. குழாய் நன்றாக இருக்கிறது, ஆனால் அழுகை வருகிறது என்று ஒருத்தி சொன்னால்தான் பயம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஏரிக்கரையில் இருக்கும் எட்டு அறை விடுதி அவளுடையது. இரண்டு அறையில் ஆரம்பித்து, பதினொரு வருடத்தில் எட்டாக்கினாள். குளிக்கிற தண்ணீர் கூரைமேல் வெயிலிலேயே சூடாகும். அறையில் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது; மூடி போட்ட கண்ணாடி ஜாடிதான். வருடத்தில் ஆறு மாதம் பறவை பார்க்கிற கூட்டம் வந்து தங்கும். வந்தவர்கள் ஏரியைப் படம் பிடிக்கிறார்களோ இல்லையோ, பின்பக்கம் போய் என் பாத்தியைப் படம் பிடிக்காமல் போனதில்லை.

பாத்தி என்றதும் கீரைப் பாத்தி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு அறையின் குளியல் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர் எல்லாம் முதலில் ஒரு மூடிய தொட்டிக்குப் போகும். கனமான அழுக்கு அங்கே அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற தண்ணீர், ஜல்லிக்கல் நிரப்பிய நீளமான பாத்திக்குள் மெல்ல ஊறிப் போகும். கல்லுக்கு நடுவே கல்வாழையும் கோரையும் வளர்த்திருக்கிறேன். அந்தக் கோடியில் தண்ணீர் வெளியே வரும்போது வாடையே இருக்காது. சின்னக் குட்டையில் விழுந்து, தோட்டத்துக்குப் போய், மிச்சம் ஏரியில் சேரும். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். வேலை முழுக்கச் செய்வது கல்லின்மேல் படிந்திருக்கும் வழவழப்பு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் அதற்குள் குடியிருந்து அழுக்கைத் தின்றுகொண்டிருக்கின்றன. மெஷின் விற்க வந்த கம்பெனிக்காரரிடம், "அதெல்லாம் வேண்டாம் சார், என் கல்லு போதும்" என்று மார் தட்டிச் சொல்லி அனுப்பியவன் நான்.

அன்றைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், கல் எல்லாம் வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது.

மாப்பிள்ளை வாளியும் பிரஷ்ஷுமாக நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எப்படி மச்சான்? ரெண்டு ஆளு வச்சு ரெண்டு நாள் வேலை. மேலாக ஒரு முழத்துக்குக் கல்லை அள்ளி வெளிய போட்டு, தேய் தேய்னு தேய்ச்சு, திரும்ப அடுக்கிட்டோம். அவ சான்று விஷயமா பேப்பர் வாங்க டவுனுக்குப் போயிருந்தா. வரதுக்குள்ள முடிச்சிடணும்னு ஒரே ஓட்டம். எவ்வளவு பாசி தெரியுமா? சை!"

"மருந்து ஏதாவது போட்டீங்களா, மாப்பிள்ளை?"

"போடாம? ரெண்டு மூட்டை ப்ளீச்சிங் பவுடர். எட்டு பாத்ரூம்லயும் சமமா கரைச்சு ஊத்திட்டேன். இனிமே உள்ள ஒரு பூச்சி உசிரோட இருக்காது. நீங்க கவலையே படாதீங்க."

நான் அவர் கையிலிருந்த வாளியை வாங்கி, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மச்சான், வெயில்ல வந்தது தலை சுத்துதா? அவளும் காலையில வந்ததுல இருந்து பேசவே மாட்டேங்கறா. பயணக் களைப்பு போல."

பாத்தியின் அந்தக் கோடியில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. குட்டைப் பக்கம் போகவே முடியவில்லை, வாடை ஆளைத் தூக்கியது. நான் அவருக்குப் புரியவைத்தேன். எப்படிப் புரியவைத்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. தங்கச்சி புருஷனிடம் ஒரு மனிதன் பேசக்கூடிய பேச்சு இல்லை அது. பேசப் பேச, அவர் கையிலிருந்த பிரஷ் கீழே கீழே இறங்கியது.

"அப்ப, நான் தேய்ச்சது..." என்றார்.

"வேலைக்காரங்க எல்லாரையும் தேய்ச்சுக் கொன்னுட்டீங்க, மாப்பிள்ளை."

இதில் என்ன பெரிய விஷயம், மறுபடி பாசி பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும். நாள் ஆகும். எங்களிடம் நாள் இல்லை. பறவைக் கூட்டங்களை அழைத்து வரும் அம்மா, இந்த வருடம் முதல், சுற்றுச்சூழலைக் கெடுக்காத விடுதிக்குக் கொடுக்கிற பச்சை இலைப் பலகையை வாங்கிய இடத்தில்தான் ஆட்களைத் தங்க வைப்பேன் என்று கடிதம் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரிய ஹோட்டல். பெயரில் பசுமை, சுவரில் பச்சை பெயிண்ட், வரவேற்பறையில் பிளாஸ்டிக் புல். அதன் கழிவுக் குழாய் நேராக ஏரிக்குள் போகிறது. முதலாம் அறை ஜன்னலில் நின்றால் அந்தக் குழாயின் வாய் தெரியும். இந்த மாதிரி ஆட்களை நம்பி ஏமாந்தவர் பலகை கேட்பதில் தப்பே இல்லை.

பலகை கொடுக்கிற சங்கத்திலிருந்து பதின்மூன்று நாளில் ஆய்வுக்கு வருகிறார்கள். தவறினால் மறுபடி விண்ணப்பிக்க மூன்று வருடம். மூன்று வருடம் கூட்டம் வராவிட்டால் விடுதி தாங்காது. பெரிய ஹோட்டல்காரர் இப்போதே இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். என் தங்கச்சியின் எட்டு அறையையும் இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ண வேண்டுமாம்.

அன்றிலிருந்து தங்கச்சி தன் புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எதையும் என் வழியாகத்தான் சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம்.

"அண்ணா, டீ ஆறிப்போகுதுன்னு அவர்கிட்ட சொல்லு."

"மாப்பிள்ளை, டீ ஆறிப்போகுதாம்."

"குடிக்கிறேன்னு சொல்லுங்க மச்சான்."

"குடிக்கிறாராம்மா."

எனக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலை.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை என்னைத் தனியாகப் பம்பு ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குட்டை வறண்டால் நிரப்புவதற்காகக் கிணற்றிலிருந்து ஒரு குழாய் போட்டு, ஒரு வால்வும் வைத்திருந்தேன். போட்டதோடு சரி, தொட்டதில்லை.

"மச்சான், ஆய்வுக்கு வர்ற அம்மா குட்டைத் தண்ணியைத்தானே எடுத்துப் பார்ப்பாங்க? முதல் நாளே குட்டையை இறைச்சிட்டு, இந்த வால்வைத் திறந்து கிணத்துத் தண்ணியை நிரப்பிட்டா?"

"உங்க பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா?"

அவர் யோசித்தார். "வேண்டாம்" என்றார்.

செய்ய வேண்டியது வேறு. செத்த இடத்தில் உயிரைக் கொண்டுவந்து விட வேண்டும். நாற்பது மைல் தள்ளி ஒரு மாணவிகள் விடுதிக்கு இதே மாதிரி பாத்தி கட்டிக் கொடுத்திருந்தேன். ஆறு டிரம்மோடு ஒரு லோடு வண்டி பிடித்துக்கொண்டு போனேன். வார்டன் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன வேணும்?"

"உங்க பாத்தியில இருந்து கொஞ்சம் சேறும் கல்லும் வேணுங்க."

"எங்க அழுக்கையா?"

"ஆமாங்க. நல்லா முத்தின அழுக்கா இருந்தா நல்லது."

"இந்த வேலையில பதினஞ்சு வருஷம் இருக்கேன். எதை எதையோ கேட்டு ஆளு வந்திருக்காங்க. இதைக் கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்" என்று கேட்டைத் திறந்துவிட்டார். திரும்பும்போது வண்டிக்காரர் வழி நெடுக மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன் என்பதை நான் இரண்டு விதத்திலும் சொல்லலாம்.

ஆறு டிரம்மையும் தொட்டியிலும் பாத்தியிலும் கலந்துவிட்டோம். அப்புறம்தான் உறைத்தது. இது ஆள் வராத மாதம். எட்டு அறையும் காலி. வந்து இறங்கிய உயிர்களுக்குத் தின்ன அழுக்கு வேண்டுமே! நாங்கள் மூன்று பேர் எவ்வளவுதான் கொடுக்க முடியும்?

என் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "சொந்தக்காரங்க எதுக்கு இருக்காங்க? ஏரிக்கரையில பத்து நாள் தங்கலாம் வாங்கன்னா வர மாட்டாங்களா?"

வந்தார்கள். ஒரு வேன் நிறைய, என் வீட்டுக்காரியோடு சேர்த்துப் பதினான்கு பேர். அத்தை, சித்தப்பா, சித்தி, என் வீட்டுக்காரியின் அண்ணன் குடும்பம், அவர்களுக்குத் தெரிந்த இரண்டு பேர். எதற்காகக் கூப்பிட்டோம் என்று வேனிலிருந்து இறங்கிய பிறகுதான் சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

"அதாவது," என்றார் சித்தப்பா, பெட்டியைக் கீழே வைக்காமல், "நாங்க சாப்பிடணும், தூங்கணும், கக்கூஸ் போகணும். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சித்தப்பா."

"வாழ்க்கையில முதல் தடவையா எனக்குத் தெரிஞ்ச வேலையைக் கொடுத்திருக்கான்டா ஒருத்தன்."

அப்படிச் சொன்ன மனிதருக்குத்தான் மலச்சிக்கல். மூன்று நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை விடுவாரா? அப்பாவின் அக்கா அவர்; குடும்பத்தில் யாருடைய வயிறும் அவருக்குத் தெரியாமல் இயங்கியதில்லை. காலையில் அறை அறையாகக் கதவைத் தட்டி விசாரிப்பார். "ஆறாம் ரூம் ஆச்சா? நாலாம் ரூம்?" சித்தப்பா அறைக்கு முன்னால் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, "குடும்பத்துக்காக ஏதாவது செய்டா" என்பார். நாலாம் நாள் காலையில் சித்தப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம்.

தங்கச்சி ஒவ்வொரு குளியலறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். சோப்புக் குறைவாகப் போடவும், மருந்து எதையும் ஊற்றக் கூடாது என்று. அதற்குக் கீழே யாரோ பென்சிலால், "மாப்பிள்ளை, இது உங்களுக்கும்" என்று எழுதிவிட்டார்கள். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டுப் பாத்திப் பக்கம் போனார். எழுதியது நான்தான். பிறகு மனசு கேட்கவில்லை, போய் அழித்துவிட்டேன்.

அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பினாயில் வாசனை போய்விட்டது அவரிடமிருந்து. விடிந்ததும் பாத்திக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறாம் நாளும் நாற்றம் போகவில்லை. ஏழாம் நாளும் தண்ணீர் சாம்பலாகத்தான் வந்தது. என் தங்கச்சி ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. மார் தட்டிச் சொன்னவன் நான்தானே? கம்பெனி மெஷின் இருந்திருந்தால் யாரும் அதை பிரஷ் போட்டுத் தேய்த்திருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் காலை. தங்கச்சி பாத்தி ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கட்டை விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"அண்ணா!" என்று ஒரு கூப்பாடு. "அண்ணா, வழுக்குது!"

ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். வழுக்கத்தான் செய்தது. மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு வழவழப்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான அசிங்கத்தை நான் தொட்டதில்லை. சத்தம் கேட்டு மாப்பிள்ளையும் வந்தார். கல்லை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கித் தடவிப் பார்த்தார். வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்தார். ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், கையைத் துடைக்காமலே.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. வாடையும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஏறக்குறைய என்பதற்குப் பலகை கொடுக்க மாட்டார்களே! ஆய்வு நாளன்று காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பம்பு ரூமுக்குப் போனேன். அந்த வால்வின் மேல் கை வைத்தேன். முழுக்க இறைக்க வேண்டாம். கொஞ்சமே கொஞ்சம் திறந்தால் போதும், குட்டைத் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். என் தங்கச்சியின் பதினொரு வருடம், என் ஒரு சுற்று.

"அந்தக் கையை எடு."

வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள்.

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகன்னா கையை எடு. பக்கத்துல பச்சை பெயிண்ட் அடிச்சு உட்கார்ந்திருக்கானே, அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் வேணும் அண்ணா. பலகை போனாப் போகுது. போறதும் நேர்மையாவே போகட்டும்."

கையை எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளை விடப் பன்னிரண்டு வயது பெரியவன்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். முழங்கால் வரை சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு தகரப் பெட்டி, சிரிப்பு என்ற பழக்கமே இல்லாத முகம். வணக்கம் சொன்ன கையோடு கூரைக்குப் போனார், சமையலறைக்குப் போனார், குப்பைத் தொட்டிகளைத் திறந்து மோந்து பார்த்தார். அறை அறையாக எட்டிப் பார்த்தவர், எட்டிலும் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றார்.

"சீசன் இல்லையே. இவ்வளவு பேர்?"

"சொந்தக்காரங்க, மேடம்" என்றாள் தங்கச்சி.

"ஏதாவது விசேஷமா?"

சித்தப்பாதான் முந்திக்கொண்டு, "ஒரு உதவிக்கு வந்தோம்" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கிற வாயா எங்கள் அத்தையுடைய வாய்? "என்னத்தை சொல்றது போங்க. இந்த மாப்பிள்ளை நல்லது பண்றேன்னு ரெண்டு மூட்டை மருந்தை ஊத்தி, கல்லையெல்லாம் தேய்ச்சு வச்சிட்டாரு. அந்தப் பூச்சிங்களுக்குச் சாப்பாடு போடத்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. பத்து நாளா நாங்களும் முடிஞ்சதைச் செய்யறோம்."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆய்வாளர் நோட்டைத் திறந்தார்.

"யாரு ஊத்தினது?"

மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நான்தாங்க. அவங்களுக்குத் தெரியாது, ஊர்லயே இல்ல. நல்லா இருக்கட்டும்னு செஞ்சேன். எனக்குத் தெரிஞ்ச சுத்தம் அதுதாங்க." அவருடைய நோட்டைக் கை காட்டினார். "தப்பு என்னோடது. எழுதிக்கோங்க. அவ பதினொரு வருஷம் உழைச்சதை மட்டும் அடிச்சிடாதீங்க."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பிறகு நேராகப் பம்பு ரூமுக்கு நடந்தார். வால்வைப் பார்த்தார். தூசி படிந்த சக்கரத்தில் நாலு விரல் பதிந்த தடம் புத்தம் புதுசாக இருந்தது.

"இது யார் கை?"

"என் கைங்க" என்றேன்.

"திறந்தீங்களா?"

"இல்லைங்க. தொட்டேன். திறக்கல."

நம்புகிற முகமாக அது இல்லை. குட்டைக்கு வந்து, குனிந்து, கிணற்றுக் குழாயின் வாயைப் பார்த்தார். உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. வாய் முழுக்க, ஒரு இழை அறுபடாமல். அந்தச் சிலந்திக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்தார். பாத்தியிலிருந்து விழும் தண்ணீரில் ஒரு தாள் துண்டை நனைத்து, ப்ளீச்சிங் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை அந்தத் தண்ணீரைப் பிடித்து, நீல மருந்தில் சில சொட்டு விட்டார். தண்ணீர் அழகான நீலமாகியது. காற்றுப் புகாமல் மூடி, மேலே தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"தண்ணி நல்லா இருந்தா இந்த நீலம் அப்படியே நிக்கும். அழுக்கு மிச்சம் இருந்தா நீலத்தைத் தின்னுடும், வெளுத்துப் போகும். இருட்டுல வைங்க. அஞ்சு நாள் கழிச்சு வரேன். அதுவரைக்கும் ஏரியைச் சுத்தி மத்த விடுதியெல்லாம் பார்க்க வேண்டியிருக்கு."

வரவேற்பறையில் சாவி மாட்டும் அலமாரிக்குள் பாட்டிலை வைத்தோம். வைத்தது சரி, திறந்து பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? ஒரு நாளைக்கு ஒரு தரம், காலையில், தங்கச்சி மட்டும் திறப்பாள், நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம் என்று முடிவானது. வேலை முடிந்தும் சொந்தக்காரர்கள் ஒருவரும் ஊருக்குக் கிளம்பவில்லை. முதல் நாள் நீலம். இரண்டாம் நாள் நீலம். மூன்றாம் நாள் அத்தை, "கொஞ்சம் வெளுத்தாப்ல இல்ல?" என்றார். சித்தப்பா இல்லை என்றார். பெரிய வாக்குவாதம். என் வீட்டுக்காரி தன் நீலத் துப்பட்டாவைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதனால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். நாலாம் நாள் எனக்கே வெளுத்த மாதிரித்தான் தெரிந்தது. சொல்லவில்லை. தங்கச்சி அலமாரியைச் சாத்திவிட்டு, சாவிகளை ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டினாள். எல்லாம் ஏற்கனவே சரியாகத்தான் மாட்டியிருந்தன.

ஐந்தாம் நாள் ஆய்வாளர் வந்தபோது வரவேற்பறையில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை மூலையில், துடைப்பம் வைக்கிற இடத்தில், துடைப்பத்தோடு துடைப்பமாக நின்றார். அலமாரி திறந்தது. ஆய்வாளர் பாட்டிலை எடுத்து, ஒட்டிய தாளைப் பார்த்தார். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பெட்டியிலிருந்து ஒரு வண்ண அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நாங்கள் பதினேழு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம்.

"நிக்குது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "என்ன மேடம்?" என்றேன்.

"நீலம். நிக்குது. பாஸ்." பெட்டிக்குள் கையை விட்டு, பச்சை இலை போட்ட ஒரு இரும்புப் பலகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரு நிபந்தனை. ப்ளீச்சிங் வைக்கிற அலமாரிக்குப் பூட்டு போடணும். சாவி இவங்ககிட்டதான் இருக்கணும்." தங்கச்சியைக் காட்டினார். "நடந்ததை மறைக்காம சொன்னதையும் எழுதியிருக்கேன். இந்தக் கரையில அப்படி எழுத வேற இடத்துல எனக்கு வாய்க்கல."

"எங்க வயித்துல பாலை வார்த்தீங்கம்மா" என்று அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா என் வீட்டுக்காரியின் அண்ணனைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். தங்கச்சி பலகையைத் தொடவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் பெரிய ஹோட்டல்காரர் வந்திருந்தால் அவரையும் கட்டிப் பிடித்திருப்பேன்.

ஆய்வாளர் பெட்டியை மூடும்போது, கையிலிருந்த பாட்டிலைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நின்றவர் மாப்பிள்ளை. பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பழக்கம் கையை இழுத்தது. மூடியைத் திருகிக்கொண்டே, கொட்டிவிட்டு அலம்பி வைப்பதற்காகக் கழுவுதொட்டிப் பக்கம் நடந்தார்.

"ஏங்க, அதை ஊத்தாதீங்க."

சொன்னது தங்கச்சி. பதினெட்டு நாளில் முதல் வார்த்தை.

மாப்பிள்ளை திரும்பவில்லை. "என்கிட்டயா சொன்ன?" என்றார்.

"உங்ககிட்டதான். அதை அந்த ஜன்னல்ல வைங்க. வர்றவங்க பார்க்கட்டும்."

அவர் பாட்டிலை ஜன்னலில் வைத்தார். வெயில் பட்டு, தரையில் ஒரு கை அளவு நீலம் விழுந்தது. எங்கள் செருப்புத் தடமும் ஆய்வாளரின் பூட்ஸ் சேறுமாகக் கிடந்த அந்தத் தரையில் மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டார், துடைக்காமலே.